டாக்டரின் பேனா அசையவில்லை

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் சின்னையாவுக்குக் கருப்பம்மாளிடம் சொல்ல மூன்று வருடமாக ஒரே சேதிதான் இருந்தது. அவள் மகளுக்குப் படிப்பில் கவனமே இல்லை. ரிப்போர்ட் கார்டில் அதைச் சிவப்பு மையில் எழுதுவார். போதாதென்று கோயில் திருவிழாவில் பார்த்தாலும், ரொட்டிக்காரன் வண்டியருகே பார்த்தாலும் நிறுத்திவைத்துச் சொல்வார். கருப்பம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சிவப்பு மை என்றால் என்ன சேதி என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அந்த மூன்று வருடத்தில் தேறியிருந்தாள்.

மகள் பெயர் பாப்பா. அது செல்லப் பெயர் இல்லை, சர்ட்டிபிகேட்டிலேயே அதுதான். பெயர் பதிய சுங்கை சிப்புட் டவுனுக்குப் போன கருப்பம்மாளின் புருஷன் அப்பாவு, மனைவி மூன்று நாள் யோசித்து வைத்த பெயரை வழியிலேயே தொலைத்துவிட்டு, கவுண்டரில் கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். மகளுக்குக் கவனக்குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று கருப்பம்மாள் அடிக்கடி கேட்பாள். மரலாரி ஓட்டும் அப்பாவு சிரித்துக்கொண்டே லாரியைக் கிளப்பிவிடுவான்.

பாப்பாவுக்குப் பத்து வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். குழாயடிச் சண்டையில் யார் முதலில் பேசினார்கள், யார் எந்த வாளியைத் தூக்கி எறிந்தார்கள் என்று வரிசை பிசகாமல் சொல்வாள். புத்தகத்தைக் காட்டினால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். கருப்பம்மாளும் செய்யாதது ஒன்றுமில்லை. வல்லாரைக் கீரை ஆக்கிப் போட்டாள். கோயிலில் தாயத்து மந்திரித்துக் கட்டினாள். இரண்டும் பலிக்கவில்லை என்றதும் விளக்குமாற்றுக் குச்சியை உருவினாள். "கவனி, கவனி" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடி. பிறகு அதே கையால் தைலம் தடவிவிட்டு, தானும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். அவள் கெட்டவள் இல்லை. வேறு வழி தெரியாதவள்.

1978, நவம்பர் மாதம். பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் சின்னையா வீடு தேடியே வந்தார். இந்தத் தடவை புதுச் சேதி. படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று ஜனவரியில் ஈப்போ நகரில் தனி வகுப்பு தொடங்குகிறார்கள். பத்தே இடம். பத்து வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டர் மெஷின் கொண்டுவந்து பிள்ளைகளின் கவனத்தை அளக்கப் போகிறார். கவனம் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் வரவில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால் இடம் உண்டு. போடாவிட்டால் இல்லை. அப்படி இல்லையென்று ஆனால், பாப்பா இங்கேயே கடைசி பெஞ்சில் நாளை ஓட்டிவிட்டு அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகலாம் என்றார்.

ஒரு பால்வெட்டுக்காரியின் முகத்துக்கு நேரே சொல்கிற பேச்சா இது? கருப்பம்மாளுக்குச் சுருக்கென்றது. அவள் தினம் ஐந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறவள். அதில் அவளுக்குக் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் தன் மகளும் அதற்குத்தான் லாயக்கு என்று இன்னொருத்தர் தீர்ப்புச் சொல்வதைக் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை. தேதியையும் இடத்தையும் கேட்டுக்கொண்டு, சின்னையாவுக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தாள்.

டாக்டர் வரச்சொன்னது ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு. அன்றைக்கும் வேலைக்குப் போய், மேற்பார்க்கும் மண்டோரிடம் பேர் போட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். விடிவதற்கு முன்பே பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போனாள். மரத்தில் கட்டிய கிண்ண மங்குகளில் பால் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மகளின் கையைத் தற்செயலாகப் பிடித்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. முந்தைய நாள் லாலான் புல்லைப் பிடித்து இழுத்து விளையாடியதில் பத்து விரலும் கீறல் கீறலாக இருந்தன. டாக்டர் என்றால் முதலில் கையைத்தான் பிடித்துப் பார்ப்பார் என்பது கருப்பம்மாளின் கணக்கு. இப்படியொரு கையைப் பார்த்தால் பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறாள் என்று நினைக்க மாட்டாரா?

கீறலுக்குத் தோட்டத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. மங்கிலிருந்து பச்சைப் பாலை ஒரு சொட்டு எடுத்துத் தடவிவிட்டால், காய்ந்து மெல்லிசான தோலாகப் படிந்துவிடும். உள்ளே அழுக்குப் போகாது, எரியாது. கருப்பம்மாள் பத்து விரலுக்கும் பாலைப் பூசி, காயும்வரை ஊதி, மேலே கொஞ்சம் முகப் பவுடரும் போட்டாள். கை பளபளவென்று ஆகிவிட்டது. அதை உரிக்கக் கூடாது, உரித்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லிவைத்தாள்.

ஈப்போ பஸ்ஸில் வழி முழுக்கப் புத்திமதிதான். ஆடாதே, அசையாதே, டாக்டர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், இதில் கோட்டை விட்டால் உன் படிப்பு முடிந்தது. வேடிக்கை பார்க்கும் ஆசையோடு பஸ் ஏறிய பாப்பா, இறங்கும்போது ஊசி போடக் கூட்டிப்போகிற பிள்ளையின் முகத்தோடு இறங்கினாள்.

டாக்டர் மெய்யப்பன் ஈப்போவில் கடை வைத்திருந்த செட்டியார் குடும்பத்துப் பிள்ளை. வயது முப்பதுக்குள்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு அந்த மெஷினையும் கூடவே கொண்டுவந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் நூலக அறையில் அதை வைத்திருந்தார்கள். சோற்று அலமாரி உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதன் மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் நீளக் காகிதம், காகிதத்தின் மேல் இரண்டு பேனா. புதுக் காடி வாங்கியவன் காரைச் சுற்றிக் காட்டுவதுபோல டாக்டர் அதைக் கருப்பம்மாளுக்குக் காட்டினார்.

"கொஞ்சம் கவனிங்கக்கா," என்று ஆரம்பித்தார். மேல் பேனா விரலுக்கு. ஒரு சத்தத்தைக் கேட்டு மனசு அந்தப் பக்கம் திரும்பினால், நமக்கே தெரியாமல் விரல் நுனியில் துளியூண்டு வியர்க்கும். அந்த ஈரத்தில் மின்சாரம் கொஞ்சம் கூட ஓடும், பேனா மேலே எழும்பும். கீழ்ப் பேனா நெஞ்சுத் துடிப்புக்கு. பயந்தால் துடிப்பு வேகமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றை உன்னிப்பாகக் கேட்கிற நேரத்தில் அது சற்றே மெதுவாகும்.

கருப்பம்மாளுக்கு இது விளங்கியது. ஒரு தடவை நிரையில் காய்ந்த சருகுக்குள் ஏதோ சரசரத்தபோது, கத்தியும் கையுமாக அப்படியே நின்றிருக்கிறாள். பயம் வந்தது பிறகுதான். முதலில் நெஞ்சே நின்று காது கொடுத்தது மாதிரி இருந்தது. இவ்வளவு படித்தவருக்கும் அது தெரிந்திருக்கிறதே என்று அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த மரியாதை கால்மணி நேரம்தான் நீடித்தது.

பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையின் இரண்டு விரல் நுனியில் வெள்ளைப் பசை தடவி ஒயரைக் கட்டினார். நெஞ்சில் ஒன்றை ஒட்டினார். காதில் ஹெட்போனை மாட்டி டேப்பைப் போட்டார். இருந்தாற்போல ஒரு மணிச் சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொன்று, பிறகு விசில். காகிதம் நகர்ந்தது. மேல் பேனா அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேர்கோடாகப் போனது. மணி அடித்தும் போனது, விசில் ஊதியும் போனது. கீழ்ப் பேனா என்னவோ பயத்தில் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் மெதுவும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் ஒயரை அசைத்துப் பார்த்தார். பசையை மாற்றினார். அப்படியும் நேர்கோடுதான். மெஷின்தான் கோளாறோ என்று ஒயரைக் கழற்றித் தன் விரலில் கட்டிக்கொண்டு கையைத் தட்டச் சொன்னார். கருப்பம்மாள் தட்டினாள். பேனா ஒரு துள்ளுத் துள்ளியது. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"காலையிலேர்ந்து எட்டுப் பிள்ளைங்களைப் பாத்துட்டேன். ஒருத்தருக்கும் இப்படி இல்ல," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் ஆசையும் இருந்தது. கிடைக்காதது கிடைத்தவரின் ஆசை. பிறகு, தொந்தரவு இல்லையென்றால் நீங்களும் ஒரு நிமிஷம் உட்காருங்களேன் என்றார்.

கருப்பம்மாள் உட்கார்ந்தாள். விரலில் ஒயரைக் கட்டினார். கையைத் தட்டினார். மேசையைத் தட்டினார். கடைசியில் அவள் காதருகே மணியையே அடித்தார். மேல் பேனா நேர்கோட்டைவிட்டு இம்மிகூட விலகவில்லை.

மெய்யப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை, பரம்பரை என்று சொல்லிக்கொண்டே நோட்டை இழுத்து மளமளவென்று எழுத ஆரம்பித்தார். பாட்டன் பூட்டன் யாராவது மந்தமாக இருந்தார்களா என்று தலை நிமிராமல் கேட்டார். அவர் மோசமான ஆள் இல்லை. ஒரு பெரிய விஷயம் மடியில் வந்து விழுந்துவிட்டதாக நினைத்துவிட்ட சின்ன வயசுக்காரர், அவ்வளவுதான்.

கருப்பம்மாளுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. மகளைச் சொன்னபோது அழுகைதான் வந்தது. தன்னைச் சொன்னதும் வந்தது அழுகை இல்லை.

"யாருக்குக் கவனம் இல்லங்கிறீங்க டாக்டர்? நான் இருட்டு பிரியறதுக்குள்ள கத்தியப் புடிக்கிறவ. ஒரு நூலு ஆழமா எறங்கிச்சுன்னா மரத்துல காயம் பட்டுரும், மண்டோர் என் பேர வெட்டிருவாரு. பன்னெண்டு வருசமா ஒரு மரத்துல காயம் கெடையாது. நீங்க வேணும்னா வந்து எண்ணிப் பாருங்கலா."

பேசப் பேச அவள் கை சும்மா இருக்கவில்லை. கோபம் வந்தால் விரலில் காய்ந்த பாலைச் சுரண்டி உரிப்பது பால்வெட்டுக்காரிகளின் பழக்கம். ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலைச் சுரண்டி, மெல்லிசான ஒரு நாடாவை இழுத்து இழுத்து உரித்தாள். அது சவ்வாக நீண்டு, அறுந்து, மேசைமேல் விழுந்தது.

டாக்டரின் எழுத்து பாதி வார்த்தையில் நின்றது.

"என்னக்கா அது?"

"என்னத்த. கித்தாப் பாலுதான்."

"விரல் பூரா இருக்கா?"

"பால் வெட்டுற கையில பாலு இல்லாம சந்தனமா இருக்கும்?" என்றாள் கருப்பம்மாள். பிறகு, உண்மையைச் சொல்வதில் தப்பில்லை என்று, பாப்பாவுக்கும் காலையில் தானே பூசிவிட்டதைச் சொன்னாள்.

மெய்யப்பன் மேசைமேல் கிடந்த நாடாவை எடுத்துப் பார்த்தார். தன் மெஷினின் ஒயரைப் பார்த்தார். அந்த ஒயரில் மின்சாரம் வெளியே வராமல் இருப்பதற்காகச் சுற்றியிருந்ததும் ரப்பர்தான். வெளிநாட்டில் ஆறு வருடம் படித்தவர், ரப்பர் மரத்துக்கு நடுவிலே இருக்கிற ஊரில் வளர்ந்தவர், ரப்பர் உறை போட்ட விரலில் மின்சாரம் ஏன் ஓடவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். முதலில் அவர் காது சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள். கருப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் கையாலேயே மகளின் வாய்ப்பைக் கெடுக்கப் பார்த்தோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து விரலையும் சந்தோஷமாக உரித்தாள். காலையிலிருந்து அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். கீறல் குறைவான இரண்டு விரலாகப் பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மறுபடி ஒயரைக் கட்டினார்கள். சிரித்த சிரிப்பில் பயமும் போய்விட்டிருந்தது. இந்தத் தடவை மணி அடித்ததும் மேல் பேனா எழும்பியது. விசிலுக்கு இன்னும் கொஞ்சம் எழும்பியது.

அடுத்து டாக்டர் ஒரு கதை டேப்பைப் போட்டார். சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடிய குரங்கின் கதை, அவரே படித்துப் பதிந்தது. கீழ்ப் பேனாவின் துடிப்புகள் நெருக்கமாக வந்துகொண்டிருந்தவை, கதை சூடுபிடிக்கச் சூடுபிடிக்க ஒன்றுக்கொன்று விலகி நிதானமாயின. பாப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கருப்பம்மாள் மகளைப் பார்ப்பதா, பேனாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முடிந்ததும் என்ன கேட்டாய் என்று டாக்டர் விசாரித்தார். பாப்பா குரங்கு ஏறியதிலிருந்து விழுந்ததுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, குரங்கு பாலத்துக்கிட்ட வரும்போது கதை சொன்னவர் ரெண்டு தடவை இருமினார், அவருக்குச் சளி பிடித்திருந்ததா என்று கேட்டாள். டாக்டர் டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். இரண்டு இருமல் இருந்தது. பதிந்தவருக்கே அது தெரியாது.

"இந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லைன்னு யாருக்கா சொன்னது?" என்றார் மெய்யப்பன். "என்னைவிட ஜாஸ்தி இருக்கு. எழுத்த அடையாளம் கண்டுக்கிறதுலதான் அதுக்குத் தகராறு. அது வேற. அதுக்கு வேற மாதிரி சொல்லிக்கொடுக்கணும். அடிச்சு வராது."

பாரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். இடம் உறுதி. கருப்பம்மாள் இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தை வாங்கினாள். சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், அடிச்சு வராது என்கிற கடைசி வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தாள். தான் அடித்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? மெஷின் அதையும் காட்டுமா? மூன்று வருடம், எத்தனை குச்சி. கவனித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் போய்க் கவனி கவனி என்று அடித்திருக்கிறாள். காகிதத்தை மடித்துக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

டாக்டர் விடவில்லை. அவளைப் பற்றி எழுதியது தப்பு, அதையும் சரியாக ஒரு தடவை பார்த்துவிட்டால்தான் தன் மனசு ஆறும் என்றார். சரியென்று விரலைச் சுத்தமாக உரித்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். விரலிலும், நெஞ்சுத் துடிப்புக்கென்று மணிக்கட்டிலும் ஒயரைக் கட்டி, கை காலை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பாப்பாவை மெஷின் பக்கத்தில் நிற்கவைத்தார். மணியெல்லாம் கேட்டுச் சலித்துவிட்டது, நீயே அம்மாவிடம் ஏதாவது சொல் என்றார்.

பாப்பாவுக்குச் சொல்லவா விஷயம் இல்லை? பேனாக்கள் மேலிருந்த கண்ணை எடுக்காமலே ஆரம்பித்தாள்.

"டாவும் பாவும் மாவும் ஒரே பொட்டி மாதிரி இருக்கும்மா. ஒண்ணு மேல தொறந்திருக்கு, ஒண்ணுக்கு ஒரு பக்கம் செவுரே இல்ல, ஒண்ணுல உள்ள சுருட்டி வச்சிருக்கு. எது எந்தப் பொட்டின்னு நான் பாக்குறதுக்குள்ள டீச்சர் அடுத்த வரிக்குப் போயிர்றாங்க. நான் முந்தியே உங்கிட்ட சொன்னேன்."

சொல்லியிருக்கிறாள். கருப்பம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது, மண்டோர் திட்டிவிட்டுப் போன கடுப்பில் இருந்தபோது. பொட்டியாவது சட்டியாவது, புஸ்தகத்தைப் பார்த்துப் படி என்று ஒவ்வொரு தடவையும் மேலே பேசவிடாமல் அடக்கியிருக்கிறாள்.

பேனாக்கள் காகிதத்தில் உரசிக்கொண்டே போயின. மேல் கோடு எழும்பி நின்றது. கீழே ஒவ்வொரு துடிப்பும் தள்ளித் தள்ளி விழுந்தது. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாப்பா குனிந்து, விரலை வைத்து இரண்டு கோட்டையும் தொடர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டாக்டர், அம்மா இப்ப நான் சொல்றத கேக்குறாங்க," என்றாள்.

கருப்பம்மாளுக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் சொல்லு பாப்பா," என்றாள். "மத்த எழுத்தெல்லாம் எப்படித் தெரியுது?"